முன்னால் நடக்கிறவன்

பூவலிங்கம்தான் முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன். என் மச்சினன். என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. மற்றவர்கள் எல்லாம் அவனுக்கு அப்புறம்தான். லாரிக்காரன், இந்த ரோடு போட்டவர்கள், என் பெண்டாட்டி, ஒரு கிடா, எல்லாரும் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் கேட்டீர்களே தம்பி, "என்ன பெரியவரே, காலையில் போகும்போதும் இங்கேதான் இருந்தீங்க, திரும்பி வரும்போதும் இங்கேயே இருக்கீங்க" என்று. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

உட்காருங்கள். வண்டி பஞ்சர் என்றால் ஆள் வருகிற வரைக்கும் வெயிலிலா நிற்பது? அந்த ஆட்டைத் தள்ளிவிட்டு உட்காருங்கள், ஒன்றும் செய்யாது. கிழடு அது.

நான் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடு இளைப்பாறுகிறது. மூன்று நாளாக நடந்து வருகிற ஆடு இளைப்பாற வேண்டாமா? முப்பத்தொன்று கிளப்பினேன், இப்போது இருபத்தொன்பது இருக்கிறது. இரண்டு வழியில் விழுந்துவிட்டது. வீட்டில் இருந்தாலும் விழத்தான் செய்திருக்கும்.

எங்களுக்கு முதுகுளத்தூருக்குத் தெற்கே. மாசி பிறந்தால் ஆட்டைக் கிளப்பிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவோம். அங்கே அறுத்த வயலில் ராத்திரிக்கு ஆட்டை அடைத்துப் போட்டால் அதன் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதுதான் கிடை. ஆவணியில் ஊர் திரும்புவோம். நாலைந்து குடும்பத்து ஆடு ஒன்றாகச் சேர்ந்து போகும். முன்னால் நடந்து வழி காட்டுகிறவன் கீதாரி. முப்பத்திரண்டு வருடமாக எங்கள் கிடைக்கு நான்தான் கீதாரி. சாத்தையா கீதாரி என்று மன்னார்குடிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இப்போது இருக்கிற ஆட்களுக்குத் தெரியாது, அவர்கள் அப்பன்களைக் கேட்க வேண்டும்.

கீதாரி என்றால் சும்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. செம்மறி முதுகைப் பார்த்துத்தான் வரும். நீங்கள் முகத்தைத் திருப்பினால் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது இதைப் பார்க்க வேண்டும் நீங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நான் கூப்பிட்டுக்கொண்டே இறங்குவேன். எனக்குப் பின்னால் முன்னத்திக் கிடா இறங்கும். அதற்குப் பின்னால் மொத்த ஆடும் இறங்கும். கூப்பிட ஆரம்பித்தால் கடைசி ஆடு கரை ஏறுகிற வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் பாதி ஆடு ஆற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து முங்கிச் செத்துப்போகும். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

முன்னத்திக் கிடா என்றேனே, அதன் பேர் அம்பலம். காயடித்த கிடா. கழுத்தில் வெண்கல மணி. தாய் செத்த குட்டி, வள்ளிமயில்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். வள்ளிமயில் என் பெண்டாட்டி. வளர்த்தது அவள், பழக்கியது நான். என் சத்தம் கேட்டால் அது தின்கிற தீனியை விட்டுவிட்டு வரும். அது வந்தால் மொத்த ஆடும் வரும். அந்தக் கிடாயைத்தான் பூவலிங்கம் கொண்டுபோய்விட்டான். அவன் எனக்குத் தர வேண்டியது இரண்டு. ஒன்று அந்தக் கிடா. இன்னொன்று, "உங்களைக் கேக்காம ஏத்துனது தப்பு மச்சான்" என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. இரண்டையும் வாங்காமல் நான் விடுவதாக இல்லை.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

போன வருடம் இதே ரோட்டில், இங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், ஆடு அடிபட்டது. அந்த இடத்தில் நாங்கள் காலங்காலமாகக் குறுக்கே போகிற வண்டிப்பாதை இருந்தது. ரோட்டை நாலுவழியாக அகலப்படுத்தி நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் இடைவெளி. நான் வழக்கப்படி முன்னால் போய் அந்தக் கரையில் நின்று, நின்று என்ன, நடந்துகொண்டேதான், கூப்பிட்டேன். அம்பலம் வந்தது. ஆடு வந்தது. நூற்றுத் தொண்ணூறு ஆடு வரிசையாக ரோட்டைக் கடக்கிறது. அப்போது ஒரு டாரஸ் லாரி வந்திருக்கிறது. டயர் தேய்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

"மச்சான், நிறுத்துங்க! கூப்பிடாதீங்க மச்சான்!" என்று பூவலிங்கம் பின்னாலிருந்து கத்தினான். கேட்டது. கேட்காமல் என்ன? பின்னால் வருகிறவன் சொல்லி முன்னால் போகிறவன் நிறுத்துகிற வழக்கம் எங்களில் இல்லை. நான் நிறுத்தியிருந்தால் மிச்ச ஆடும் நடு ரோட்டில் நின்றிருக்குமா, நின்றிருக்காதா? நீங்களே சொல்லுங்கள்.

பதினாலு ஆடு. அதில் ஒன்பது பூவலிங்கத்தின் ஆடு, சினையாடு. லாரிக்காரன் பார்த்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு வைத்திருக்கிறான்?

பூவலிங்கம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவேலங்காட்டில் குழி தோண்டினான். ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டான். வள்ளிமயில் ரோட்டோரத்தில் ஒரு ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது சாகிற வரைக்கும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில் இருந்தது. ஒரு வருடமாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இருக்கிறேன், கேட்க ஆளில்லை. இது ஒரு அநியாயம் இல்லையா?

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். தை கடைசியில் பூவலிங்கம் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், இந்த வருசம் லாரியில ஏத்திரலாம்னு பாக்குறேன்."

"எதை?"

"ஆட்டைத்தான்."

"ஆட்டுக்கு என்ன, காலு இல்லையா?"

"காலு இருக்கு மச்சான். நாளு இல்ல. மன்னார்குடிப் பண்ணைக்காரரு போன் போட்டாரு. பத்தாம் தேதி மெஷின் வச்சு அறுக்குறாராம். வைக்கோலை மறுநாளே கட்டு கட்டிக் கொண்டு போயிருவாங்களாம். பதினொண்ணுலேருந்து கிடை. பதினேழாம் தேதி பருத்திக்கு உழவு போட்டுருவாரு. நாம நடந்து போய்ச் சேருறதுக்குள்ள அங்க பருத்தி மொளச்சிருக்கும்."

"அறுப்பைத் தள்ளி வைக்கச் சொல்லு. சாத்தையா கீதாரி வர்றாருன்னு சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதையும் ஒரு கணக்கில் வைத்திருப்பேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அப்புறம் இரண்டு தடவை வந்தான். அதே பேச்சு. மூன்று தடவை வந்தானே, அப்புறம் எப்படி உங்களைக் கேட்கவில்லை என்று சொல்கிறீர்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்க வருவது வேறு, சொல்ல வருவது வேறு தம்பி. அவன் சொல்லத்தான் வந்தான். எனக்குத் தெரியாதா?

மூன்றாவது தடவை வந்தபோது வள்ளிமயில் உள்ளேயிருந்து, "எனக்கும் முழங்கால் முடியலடா தம்பி, லாரின்னா நானும் ஏறிக்கிருவேன்" என்றாள். அதுவரைக்கும் அந்த முழங்காலைப் பற்றி ஒரு பேச்சு இருந்ததா? இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, மூன்று நாலு வருடமாக எண்ணெய் தேய்க்கிறாள். ஆனால் நடந்தாளே! மூத்தவளை ஒரு மாமரத்தடியில் பெற்றாள், தேவகோட்டை தாண்டி. மறுநாள் பிள்ளையைக் கோழிக்கூடையோடு சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு மைல் நடந்தாள். அன்றைக்கு முழங்கால் இல்லையா? நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட 'முடியவில்லை' என்ற சத்தம் பின்னாலிருந்து எனக்குக் கேட்டதில்லை.

ஆடு யாருடையது என்று கேட்கிறீர்களா? அவள் பிறந்த வீட்டிலிருந்து நாற்பது ஆடு ஓட்டிக்கொண்டு வந்தாள். அது பெருகினதுதான் எங்கள் ஆடு எல்லாம். அதற்கென்ன? ஆடு யாருடையதாக இருந்தாலும் கிடை கீதாரி பேரில்தான். சாத்தையா கிடை என்றுதான் சொல்லுவார்கள், வள்ளிமயில் கிடை என்று யார் சொன்னார்கள்?

லாரி வந்த அன்றைக்கு மத்தியானம். கண்மாய்க் கரையை ஒட்டி லாரியின் பின்பக்கத்தை நிறுத்தி, கரைக்கும் லாரிக்கும் பலகை போட்டார்கள். ஆடு கலைந்து ஓடாமல் இருக்க இரண்டு பக்கமும் நைலான் வலை. லாரிக்குள்ளே மாடி வேறு. ஆட்டுக்கு மாடி வீடு! ஊரே வேடிக்கை பார்க்கிறது. ஏற்றுகிறார்கள், ஏற்றுகிறார்கள், ஒரு ஆடுகூட ஏறவில்லை. பலகையில் காலை வைக்கும், சத்தம் கேட்கும், திரும்பி ஓடும். பூவலிங்கம் ஒன்றைத் தூக்கி உள்ளே போடுவான், இன்னொன்றைத் தூக்குவதற்குள் முதலாவது இறங்கி வந்துவிடும். லாரிக்காரன் வாட்சைப் பார்க்கிறான். பூவலிங்கம் சட்டையெல்லாம் புழுக்கை.

நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் தம்பி, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூவலிங்கம் என்னைப் பார்த்தான். அம்பலத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். வாயைத் திறந்து கேட்டால்தானே?

அப்போதுதான் நான் முடிவு செய்தேன். இவன் ஏற்றட்டும், நான் என் ஆட்டைக் கூட்டிக்கொண்டு என் வழியில் போகிறேன் என்று. கம்பை எடுத்துத் தோளில் வைத்தேன். லாரியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனேன். லாரி வடக்குப் பார்த்து நிற்கிறது, எங்கள் வழியும் வடக்கேதான். தொண்டையைச் சரி செய்துகொண்டு கூப்பிட்டேன். "ஹேய்ய்ய் பா… பா… பா…" என்று. கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. அம்பலம் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. பூவலிங்கத்துக்கு இப்போது தெரியட்டும் யார் கிடை இது என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். நூற்றைம்பது ஆட்டுக் குளம்புச் சத்தம் தம்பி, மழை பெய்கிற மாதிரி. பலகையில் விழுகிற மாதிரி ஒரு தடதடப்பு இருந்தது. எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

கோயில் வரைக்கும் நடந்துவிட்டேன். கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அப்புறம்தான் மணிச் சத்தம் கிட்டே வராமல் தூரமாகவே இருப்பது தெரிந்தது. எதிரே வந்த ஒருவன் எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான். திரும்பினேன்.

ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை.

லாரியின் முன்மூலையில், பக்கப் பலகை இடுக்கு வழியாக அம்பலத்தின் தலை தெரிகிறது. என்னைப் பார்த்துக் கத்துகிறது. என் சத்தம் முன்னாலிருந்து வந்ததால் அது நேராகப் பலகையில் ஏறி, லாரிக்குள்ளே ஓடி, முன் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் மொத்த ஆடும் ஏறிவிட்டது. கீழ்த்தட்டு நிறைந்ததும் மிச்சத்தை மேல்தட்டுக்கு விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பெரியவரே, நீங்க எங்க கம்பெனிக்கு வந்துருங்க. கிளீனரே வேண்டாம்" என்றான்.

ஊரே சிரித்தது. அது போகட்டும். வள்ளிமயில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, பார்த்தேன். போன வருடம் ரோட்டோரத்தில் உட்கார்ந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இதற்குத்தானா சிரிக்க வேண்டும்?

பூவலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வந்தான். "மச்சான், முன் சீட்டு உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். வாங்க, ஏறுங்க" என்றான்.

"அம்பலத்தை இறக்கு."

"அதை இறக்குனா எல்லாம் இறங்கிரும் மச்சான்."

"இறங்கட்டும்."

"பொழுது போவுது. பத்தாம் தேதிக்குள்ள…"

"என்னைக் கேட்டாயா நீ?"

அவன் தரையைப் பார்த்தான். அந்த இடத்தில்தான் தம்பி, அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் ஏறிக்கூட இருப்பேன். சொல்லவில்லை. "அக்காவுக்குக் காலு முடியல மச்சான்" என்றான். நான் கேட்டதற்கு இதுவா பதில்?

முன் சீட்டில் வள்ளிமயில் ஏறி உட்கார்ந்தாள். அவளை இரண்டு பேர் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கோவம் தணிஞ்சதும் பஸ் ஏறி வாங்க. மன்னார்குடியில எறங்கிப் போன் போடுங்க. இட்லிப் பொடி சட்டியில இருக்கு" என்றாள். லாரி போய்விட்டது. கண்மாய் வளைவு திரும்புகிற வரைக்கும் அந்தக் கிடா என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது.

வயதான ஆடு, நொண்டி, புதிதாக ஈன்றது என்று முப்பத்தொன்றைப் பூவலிங்கம் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான், என் தங்கச்சி வீட்டுக் கொட்டிலில். லாரி ஆட்டத்தைத் தாங்காதாம். மறுநாள் விடிந்ததும் அவற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தங்கச்சி வாசலில் நின்று, "அண்ணே, இதுக நடக்குமா?" என்றாள். "நான் நடந்தால் நடக்கும்" என்றேன்.

நடந்தது. இதுவரைக்கும் நடந்தது. இந்தக் குட்டியைப் பாருங்கள், பிறந்து பத்து நாள். முதல் நாளிலிருந்து தோளில்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். இதன் தாய்தான் இரண்டாவதாக விழுந்தது.

வழி எங்கேயும் பழைய வழியாக இல்லை தம்பி. தங்குகிற மேட்டில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் காட்டுகிற ஊருணிக்குக் கம்பிவேலி. ஒரு ஊரில் ஒரு பெண், "எந்த சர்க்கஸ் இது?" என்று கேட்கிறாள். அதெல்லாம் பரவாயில்லை. இந்த ரோடுதான். போன வருடம் நாங்கள் கடந்த இடைவெளியையும் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆடு அடிபட்டதால் அடைத்தார்களாம், டீக்கடையில் சொன்னார்கள். இனி அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால் இதோ, நமக்குப் பின்னால் இருக்கிறதே, ரோட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் போகிற இந்தச் சின்னப் பாலம், இதற்குள்ளேதான் போக வேண்டும். அந்தக் கடைசியில் வெளிச்சம் தெரிகிறதா? அவ்வளவு தூரம்தான். அறுபது எட்டு வைத்தால் அந்தப் பக்கம்.

காலையிலிருந்து ஏழு தடவை உள்ளே போய்விட்டேன். கூப்பிட்டுக்கொண்டேதான் போனேன், முறைப்படி. அந்தக் கடைசிக்குப் போய் வெளியே ஏறி நின்று திரும்பினால் நான் மட்டும்தான் நிற்கிறேன். இவை இந்த வாசலில் நின்று இருட்டைப் பார்க்கின்றன. மேலே வண்டி போகிற போதெல்லாம் உள்ளே இடி மாதிரி சத்தம். முன்னத்திக் கிடா இருந்தால் ஒரு நிமிடம். அம்பலம் எனக்காக மண்ணெண்ணெய் டின்னுக்குள்ளேகூட நுழையும். அது இல்லாமல் இவை என்னை நம்பவில்லை, கழுதைகள்.

ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று சொல்லாதீர்கள். இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். மூன்றாவதைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குள் அந்த இரண்டும் இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டன. அதனால்தான் இளைப்பாறட்டும் என்று விட்டிருக்கிறேன்.

உங்கள் போனில் சார்ஜ் இருக்கிறதா தம்பி?

என்னிடமும் போன் இருக்கிறது, வள்ளிமயில் துண்டில் முடிந்து கொடுத்தது. முதல் இரண்டு நாள் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. நேற்றிலிருந்து அடிக்கவில்லை. அவள் விட்டுவிட்டாளோ என்று பார்த்தால் இது செத்துப்போயிருக்கிறது. இந்தச் சீட்டில் நம்பர் இருக்கிறது. பூவலிங்கத்து நம்பர். போடுங்கள். ஆனால் நான் போடச் சொன்னதாகச் சொல்லக் கூடாது. நீங்களாக இந்த வழியில் போனீர்கள், நீங்களாகப் பார்த்தீர்கள். சாத்தையா கீதாரி பரமக்குடி தாண்டி நாலுவழி ரோட்டுக்குத் தெற்கே இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். பாலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அம்பலத்தைக் கொண்டுவந்து விட வேண்டியது அவன் பொறுப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டானா? யார், வள்ளிமயிலா?

சொல்லுங்கள், சொல்லுங்கள்… என்ன கேட்கிறாள்? சாப்பிட்டாரா என்றா? சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று… வேண்டாம், வேண்டாம், அதைக் கேட்காதீர்கள். போனைப் பூவலிங்கத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாலம் என்று ஏன் சொன்னீர்கள் தம்பி? சரி, சொன்னது சொன்னதுதான். என்ன சொல்கிறான்? வருகிறானா? இன்றைக்கேவா? மினி வேனிலா? அம்பலத்தையும் ஏற்றிக்கொண்டா? எனக்கு வேன் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிடா மட்டும் போதும். நான் நடந்துதான் வருவேன்.

வைத்துவிட்டானா?

வேறு என்ன சொன்னான்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். நிழலில் உட்காரச் சொன்னான், தண்ணீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னான், சரி. அப்புறம்? தப்பு என்று ஏதாவது ஒரு வார்த்தை? வேறு விதமாகக்கூட? இல்லையா? அவ்வளவுதானா?

பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. கிடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கேயிருந்து இங்கே வரைக்கும் நாலு மணி நேரம் வேன் விட்டு வருவான். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. கிடாயை இறக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறான். பாதிதான் தீரும்.

அதோ, உங்கள் ஆள் டியூப் எடுத்துக்கொண்டு வருகிறார் பாருங்கள். நீங்கள் கிளம்புங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன். கொடுக்க வேண்டியவன்தான் தேடிக்கொண்டு வர வேண்டும். வாங்க வேண்டியவன் எதற்காக நகர வேண்டும்?